திரையில் வெளிச்சமும் நிறமும் சீராக இல்லாவிட்டால்

கேள்வி: ஹட்டனில் திருமண அல்பங்கள் வடிவமைக்கும் சிறிய ஸ்டூடியோ ஒன்றை நடத்துகின்றேன். கடந்த வாரம் கொழும்பிலுள்ள ஒரு கடையில் 27 அங்குல ஐ.பி.எஸ். மொனிட்டர் ஒன்றை வாங்கினேன். திரை முழுவதும் கறுப்பாக இருக்கும்போது வலது கீழ் மூலையில் மஞ்சள் கலந்த வெளிச்சம் தெரிகின்றது. வெள்ளைப் பக்கமொன்றைத் திறந்தால் இடது பக்கம் சற்று மஞ்சளாகவும் வலது பக்கம் நீலம் கலந்தும் தோன்றுகின்றது. கடைக்காரரோ, எல்லா மொனிட்டரும் இப்படித்தான் என்கின்றார். அவர் சொல்வது சரியா? மாற்றித் தரும்படி கேட்க முடியுமா?

பதில்: கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு வெவ்வேறு முறைப்பாடுகள். அவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சொன்னால், முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் தட்டிக்கழிப்பது அவருக்கு இலகுவாகிவிடும்.

ஐ.பி.எஸ். என்பது எல்.சி.டி. எனப்படும் திரவப் படிகத் திரைகளில் ஒரு வகை. எல்.சி.டி. திரை தானாக ஒளிர்வதில்லை. இன்றைய பெரும்பாலான மொனிட்டர்களில் திரையின் ஓர் ஓரத்தில் எல்.ஈ.டி. விளக்குகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அந்த ஒளியைப் பின்புறத்திலுள்ள பிளாஸ்டிக் தகடொன்றும் அதன் மேல் அடுக்கப்பட்ட மெல்லிய தாள்களும் திரை முழுவதும் பரப்புகின்றன. இதுவே பின்னொளி. முன்னால் உள்ள திரவப் படிகங்கள் அந்த ஒளியைத் தேவைக்கேற்ப மறைக்கின்றன, ஆனால் முற்றாக மறைப்பதில்லை. சாதாரண ஐ.பி.எஸ். திரையொன்றின் வெள்ளை அதன் கறுப்பைவிட ஏறத்தாழ 1,000 மடங்குதான் பிரகாசமானது என்பதால், இருட்டறையில் அதன் கறுப்பு எப்போதும் சாம்பலாகவே தெரியும்.

மூலையில் தெரியும் வெளிச்சத்துக்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். திரைக்கு மிக அருகில் அமரும்போது, 27 அங்குலத் திரையின் மூலைகளை உங்கள் கண் சாய்வாகப் பார்க்கின்றது, ஐ.பி.எஸ். திரையைச் சாய்வாகப் பார்த்தால் கறுப்பு வெளிறித் தோன்றுவது அதன் இயல்பு. அறையை இருட்டாக்கி, திரையைக் கறுப்பாக வைத்துவிட்டு, தலையை அங்குமிங்கும் அசைத்துப் பாருங்கள், பின்னர் இரண்டடி பின்னால் சென்றும் பாருங்கள். வெளிச்சம் உங்களோடு நகர்ந்து குறைந்தால் அது இந்த இயல்புதான். மொனிட்டரை மாற்றினாலும் வேறொன்றில் அதுவே இருக்கும். எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில், அதே அளவில் நிலைத்து நின்றால், சட்டகத்தின் அழுத்தத்தாலோ தகடுகள் சரியாகப் பொருந்தாததாலோ பின்னொளி அந்த இடத்தில் கசிகின்றது என்று கொள்ளலாம். இதுவும் ஓரளவுக்குப் பெரும்பாலான எல்.சி.டி. மொனிட்டர்களில் காணப்படுவதே. மொனிட்டர்கள் பெரும்பாலும் உச்ச வெளிச்சத்திலோ அதற்கு அண்மித்த அளவிலோ வைக்கப்பட்டு வருவதால் கசிவு கூடுதலாகத் தெரியும். அச்சுக்கான படங்களைப் பார்ப்பதற்குச் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) வரையான வெளிச்சமே போதுமானது. அந்த அளவுக்குக் குறைத்த பின்னரும், பகல் வெளிச்சமுள்ள அறையிலேயே கசிவு கண்ணில் பட்டால் மாத்திரம் அதனைக் குறையாகச் சொல்லுங்கள். ஓரங்களை விரலால் அழுத்தியோ சட்டகத்தைக் கழற்றியோ சரிசெய்யும் காணொளிகளைப் பின்பற்றினால் உத்தரவாதத்தை இழக்க நேரிடும்.

இரண்டாவது முறைப்பாடுதான் உங்கள் தொழிலைத் தொடுகின்றது. வெளிச்சம் நடுவிலிருந்து மூலைக்குப் படிப்படியாக 10 அல்லது 15 வீதம் குறைந்தாலும் நமது கண் அதனைப் பெரிதாகக் கவனிப்பதில்லை, குறைந்த விலை மொனிட்டர்களில் அது சர்வ சாதாரணம். நிறம் அப்படியல்ல. மணப்பெண்ணின் முகம் இடது பக்கத்தில் ஒரு நிறமாகவும் வலது பக்கத்தில் இன்னொரு நிறமாகவும் தெரிந்தால், எதை நம்பி அச்சகத்துக்கு அனுப்புவது? நிறத்தை அளந்து திருத்தும் கருவி வாங்கினால் தீரும் என்று சிலர் சொல்லக்கூடும். அந்தக் கருவி வழக்கமாகத் திரையின் நடுப்பகுதியை மட்டும் அளந்து, அதே திருத்தத்தைத் திரை முழுவதற்கும் இடுகின்றது. ஆகவே இடமும் வலமும் வேறுபட்ட நிலை அப்படியே இருக்கும். ஈசோ போன்ற நிறுவனங்களின் தொழில்முறை மொனிட்டர்களில், திரையின் வெவ்வேறு பகுதிகளைத் தனித்தனியே அளந்து தொழிற்சாலையிலேயே சமப்படுத்தும் வசதி உண்டு. அதற்கு விலையும் அதிகம். அந்த வசதியை இயக்கும்போது உச்ச வெளிச்சமும் சற்றுக் குறையும்.

முறையிடுவதற்கு முன் இவ்வாறு சோதியுங்கள். மொனிட்டரை அரை மணித்தியாலம் இயங்கவிட்டு, இரவு நேரத்து மென்னிறப் பயன்முறையை நிறுத்திவிடுங்கள். திரை முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கி, ஒரு சிறிய வெள்ளைச் சாளரத்தை இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை மெதுவாக நகர்த்துங்கள். முழு வெள்ளைப் பக்கத்தில் மறைந்திருக்கும் நிறமாற்றம் இதில் பிடிபட்டுவிடும். மலைப்பகுதி ஸ்டூடியோக்களில் பக்கவாட்டு ஜன்னலால் வரும் மேகமூட்ட வெளிச்சம் நீலச் சாயல் கொண்டது என்பதால், திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. கையடக்கத் தொலைபேசியில் எடுக்கும் இருட்டறைப் படம் கசிவைப் பன்மடங்கு பெரிதாக்கிக் காட்டும்; கடைக்காரர்கள் இதனை நன்கு அறிவார்கள். எனவே கெமராவின் வெளிச்ச அளவையும் வெள்ளைச் சமநிலையையும் தானியங்கி நிலையிலிருந்து மாற்றி, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கே படம் அமையும்படி எடுத்து, கடைக்கு எழுதும் முறைப்பாட்டுக் கடிதத்துடன் இணைத்துவிடுங்கள்.

செயலிழந்த பிக்சல்களுக்கு, அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகளுக்கு, உற்பத்தியாளர்கள் பலர் எண்ணிக்கையில் ஒரு வரம்பு வைத்திருக்கின்றார்கள். திரையின் சீரற்ற தன்மைக்கு அத்தகைய வரம்பைப் பெரும்பாலான உத்தரவாதப் பத்திரங்களில் காண முடியாது. அதனால் முதல் சில நாட்களுக்குள் கடையிலேயே பேசித் தீர்ப்பதுதான் உங்களுக்கு அனுகூலமானது. பெட்டியையும் உள்ளே வைத்திருக்கும் தெர்மாக்கோல் துண்டுகளையும் எறிந்துவிடாதீர்கள். கடை மறுத்தால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதிகாரசபைக்கு எழுத்துமூலம் முறையிடலாம். வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ தரப்பட்ட உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருள்களைப் பற்றிய முறைப்பாடுகளை விசாரித்து, நட்டஈட்டையோ மாற்றுப் பொருளையோ பணத்தையோ வழங்கும்படி கட்டளையிட அதற்கு அதிகாரம் உண்டு. 1977 என்ற துரித இலக்கத்தில் விபரம் கேட்கலாம். படவேலைக்கு ஏற்றது என்று சொல்லியே இந்த மொனிட்டரைக் கடையில் விற்றார்கள் என்றால், அதனைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். பற்றுச்சீட்டிலோ விளம்பரத்திலோ அந்தச் சொல் இருந்தால் உங்கள் பக்கம் மேலும் வலுவாகும்.

கேள்வி: நுவரெலியாவின் குளிரும் ஈரமும் திரையில் இப்படிப் படலங்களை உண்டாக்குமா?

பதில்: புதிய மொனிட்டரில் ஆரம்பத்திலிருந்தே காணப்படும் நிறவேறுபாட்டுக்குக் குளிர் காரணமல்ல. குழாய் விளக்குப் பின்னொளி கொண்ட பழைய மொனிட்டர்கள் குளிரில் மங்கலாகத் தொடங்கிச் சில நிமிடங்களின் பின் தெளிவடையும், எல்.ஈ.டி. பின்னொளியில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. குளிரில் கிடந்த பெட்டியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்த உடனே திறந்து மின் இணைப்புக் கொடுப்பதுதான் ஆபத்து, ஏனெனில் உள்ளே நீர் படியக்கூடும். ஓரிரு மணித்தியாலம் பெட்டியை மூடியபடியே விட்டுவிடுங்கள். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் பஸ்ஸில் கொண்டுவருபவர்கள், பெட்டியைப் படுக்கவைத்து அதன் மேல் வேறு பொதிகளை ஏற்றாமல், நிமிர்த்தியே வைக்க வேண்டும்.

கேள்வி: பதுளையில் பாவித்த மொனிட்டர்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மகளின் ஒன்லைன் வகுப்புக்கு ஒன்றை வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். வகுப்புக்கும் எழுத்து வேலைக்கும் சிறிய நிறவேறுபாடு பொருட்டல்ல. கடையிலேயே முழு வெள்ளை, முழுச் சாம்பல், முழுக் கறுப்பு ஆகிய மூன்று படங்களையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடை வெளிச்சத்தில் கறுப்பைச் சரியாகப் பார்க்க முடியாவிட்டால் ஒரு துணியைத் திரைக்கு மேல் கூடாரம்போல் பிடித்துப் பாருங்கள். ஓரங்கள் தேநீர்க் கறைபோல் பழுப்பேறியிருந்தாலும், ஒரு பக்கத்தில் இருண்ட பட்டை விழுந்திருந்தாலும், முன்பு நின்ற படத்தின் நிழல் தெரிந்தாலும் அதனை விட்டுவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றிய பின்னரும் மங்கலாகத் தெரிந்தால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். பின்னொளியை மாற்றும் கூலி பெரும்பாலும் அந்த மொனிட்டரின் விலையைத் தாண்டிவிடும்.