முட்டித் தேய்மானமும் இரவில் இழுக்கும் கெண்டைக்காலும்

வாசகி கேள்வி: எனக்கு 62 வயது, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு முட்டியிலும் வலி, வலது பக்கம் அதிகம். எக்ஸ்ரே பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார்கள். அன்றோடு காலைநடையை நிறுத்திவிட்டேன். இப்போது நடுராத்திரியில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. தோழி ஒருவர் ஜொகூரிலிருந்து ஒரு மூட்டுவலி மாத்திரை வாங்கித் தந்தார், இரண்டே நாளில் வலி போய்விடும் என்கிறார். சாப்பிடலாமா? தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். முடியுமா?

பதில்: அம்மா, முதலில் அந்த மாத்திரை. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். தேய்மான வலியை இரண்டே நாளில் இருந்த இடம் தெரியாமல் செய்யும் நாட்டு மாத்திரை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். இப்படிப்பட்ட மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் வலிநிவாரணியும் சொல்லாமல் கலந்திருந்ததை நம் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் ஏற்றிவிடும், உங்களுக்கு இரண்டுமே இருக்கிறது. ஏற்கெனவே சில வாரமாகச் சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் குறைந்திருக்கலாம், திடீரென நிறுத்தினால் மயங்கி விழும் நிலைகூட வரும். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போவதுதான் சரி.

அடுத்தது, நடையை நிறுத்தியது. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் உங்களுக்குத் தெரியும் வலியும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. படத்தில் நிறையத் தேய்ந்திருந்தும் மார்க்கெட்டுக்குப் போய்ப் பை தூக்கி வருபவர்கள் உண்டு, லேசான தேய்மானத்திலேயே முடங்கிப்போனவர்களும் உண்டு. பல நேரம் இவர்களைப் பிரித்துக் காட்டுவது தொடைச் சதையின் பலம். தொடையின் முன்பக்கச் சதைதான் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் விழும் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால் அது மெலியும், முட்டி இன்னும் அதிகமாக வலிக்கும். தேய்ந்த குருத்தெலும்பை நம்மால் வளர்க்க முடியாது. சதையை எந்த வயதிலும் வளர்க்கலாம்.

அதற்கு வீட்டு நாற்காலி ஒன்று போதும். அசையாத நாற்காலியாகப் பார்த்துச் சுவரோரம் போடுங்கள். விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வையுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, மூன்று எண்ணும் நேரத்தில் எழுந்திருங்கள். பிறகு அதே மூன்று எண்ணிக்கையில் உட்காருங்கள். எல்லாரும் கோட்டை விடுவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்: இருக்கைக்கு இரண்டு அங்குலம் இருக்கும்போது தொப்பென்று விழுந்துவிடுவார்கள். பலம் ஏற அந்த இரண்டு அங்குலமும் முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள். முட்டிகள் உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்கட்டும். கஷ்டமாக இருந்தால் இருக்கையில் ஒரு தலையணை போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள். எட்டுப் பத்துத் தடவை, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வரவில்லையென்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

மேம்பாலப் படிகளில் ஏறும்போது வலி குறைந்த இடது கால் முதலில் போகட்டும், இறங்கும்போது வலது கால் முதலில். கைத்தடி பிடித்தால் இடது கையில். எடை அதிகமிருந்தால் ஐந்து கிலோ குறைந்தாலே முட்டிக்குத் தெரியும்.

இனி கெண்டைக்கால். அது இழுப்பதற்குத் தேய்மானம் நேரடிக் காரணம் இல்லை. முட்டி வலிக்குப் பயந்து காலை மடக்கியே வைத்திருப்பதாலும் நடை குறைந்ததாலும் சதை குறுகிச் சீக்கிரம் களைத்துப்போகிறது. இழுக்கும் நேரத்தில் முட்டியை நீட்டி, பாதத்தை உங்கள் முகத்தை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள், ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்தாலும் சரி. படுக்கப் போகுமுன் சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் அரை நிமிடம் சாயுங்கள். காலுக்கு மூன்று முறை. தினமும் செய்தால் சில வாரங்களில் இழுப்பு குறைய வாய்ப்பு அதிகம்.

மெக்னீசியம் மாத்திரையைப் பலரும் வாங்குகிறார்கள். வயதானவர்களின் இரவு இழுப்புக்கு அதனால் பெரிய பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். அதைவிட, நீங்கள் இப்போது சாப்பிடும் மாத்திரைகளை ஒருவர் உட்கார்ந்து பார்ப்பது முக்கியம். சிறுநீரை அதிகமாக்கும் கொதிப்பு மாத்திரை உடம்பின் உப்புகளைக் குறைத்து இழுப்பைக் கொண்டுவரலாம். நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம், அதனால் நரம்பு பாதிக்கும். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அடுத்த முறை போகும்போது எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், இரவில் கால் இழுக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு நேரம் ஒதுக்கியதால் காலைப் பற்றிப் பேசாமலே திரும்பி வருபவர்கள் நிறையப் பேர். இயன்முறை சிகிச்சைக்கும் அங்கேயே பரிந்துரை கேட்கலாம்.

வலி அதிகமான நாளில் முட்டியில் தடவும் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஜெல் நல்ல தேர்வு. அதே வகை மருந்தை மாத்திரையாக விழுங்கினால் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆபத்து கூடும். நீரிழிவும் கொதிப்பும் உள்ள நீங்கள் மருத்துவர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. கோடாலித் தைலம் தேய்த்தால் இதமாக இருக்கிறதா, தாராளமாகத் தேயுங்கள்.

பால்குடம் எடுக்க முட்டி பெரும்பாலும் இடம் கொடுக்கும். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை 3 கிலோமீட்டருக்கு மேல். மூன்று மாதம் முன்பே சமதரையில் பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரா வாரம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போங்கள். எனக்குக் கவலை உங்கள் பாதத்தைப் பற்றித்தான். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், வெயிலில் காய்ந்த தாரில் வெறுங்காலோடு நடக்கும்போது கொப்புளம் வருவதே தெரியாது. அது புண்ணானால் ஆற நாளாகும். அதனால் முன்கூட்டியே பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி குறைவு என்று தெரிந்தால் வெறுங்காலோடு போக வேண்டாம், வேண்டுதலை வேறு எப்படி நிறைவேற்றலாம் என்று கோயிலில் கேளுங்கள். விரதம் இருப்பதானால் சர்க்கரை மாத்திரையின் அளவையும் மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும், சர்க்கரை இறங்கிப்போனால் கூட்டத்தில் தாங்காது.

சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். முட்டி வீங்கிச் சுட்டு, கூடவே காய்ச்சலும் வந்தால் மூட்டில் கிருமித்தொற்றாக இருக்கலாம். இரண்டுக்கும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது வேறு விஷயம், காலுக்குப் போகும் இரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு அவசரப் பிரிவு தேவையில்லை, ஆனால் அடுத்த சந்திப்பு வரை தள்ளிப்போடாமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.