கரடிக்குக் கருவாடு பிடிக்குமா?

காடும் றோட்டும்: ஏ9 வீதியில் முப்பது வருடம் லொறி ஓட்டிய ஒருவரின் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கனடாவில் எட்மன்டனில் இருக்கும் என் தமையன் ஆகஸ்ட் கடைசியில் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். அலாஸ்கா ஹைவேயில் வடக்கே பத்து நாள், வழிநெடுகக் கூடாரம் அடித்துத் தங்கிப் போகிற திட்டமாம். கரடி திரிகிற மலைக்காடு என்கிறார்கள். என் அவர் சிரிக்கிறார், எனக்கோ நித்திரை இல்லை. போகலாமா? அண்ணா கருவாடு வேறு கேட்கிறார்.
- வாசகி, விசுவமடு

பதில்: போங்கள் தங்கச்சி. கருவாட்டை மட்டும் அண்ணா வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள். இது நானே பட்ட வெட்கம்.

2022 ஆகஸ்ட் கடைசியில் மகளும் மருமகனும் என்னை அதே றோட்டில் கூட்டிக்கொண்டு போனார்கள். நாலு நாள் பாணும் நூடில்ஸும் தின்று நாக்குச் செத்துப் போயிருந்தது. மஞ்சோ ஏரிக்கரையில் கூடாரம் அடித்த அன்று, பையில் ஒளித்து வைத்திருந்த நெத்தலிக் கருவாட்டை எடுத்துக் கூடார வாசலிலேயே பொரித்தேன். மிச்சத்தைப் பொலித்தீனில் சுற்றித் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். அன்றிரவு ஒன்றும் நடக்கவில்லை. காலையில் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்பவர் சுற்றி வந்தார், நின்றார், மூக்கை ஒருதரம் இழுத்தார். அவ்வளவுதான். கூடாரத் துணியிலேயே மணம் ஏறிவிட்டது, இனி அதற்குள் ஆள் படுக்கக்கூடாது என்றுவிட்டார். அடுத்த இரண்டு இரவும் மூன்று பேரும் காருக்குள் குந்தியபடியே நித்திரை. மகள் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தாலும் பரவாயில்லை.

அங்கத்தைய கரடி மணத்தைப் பிடித்துக்கொண்டு வரும். சாப்பாடு, சமைத்த சட்டி, குப்பை, சவர்க்காரம், ஏன், பற்பசைகூடக் கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது. எல்லாம் பூட்டிய காருக்குள், அல்லது அங்கே வைத்திருக்கிற இரும்புப் பெட்டிக்குள். சமையல் கூடாரத்துக்கு எட்டத்தில். சமைத்த உடுப்போடு படுக்கவும் வேண்டாம்.

மற்றப்படி உங்களுக்குத் தெரியாத காடு இல்லை அது. பாலைப்பழக் காலத்தில் நம்முடைய ஆட்கள் காட்டுக்குள் போனால் கரடிக்காகச் சத்தம் வைத்துக்கொண்டுதானே போவார்கள்? அதே கதைதான். நடக்கும்போது கதைத்துக்கொண்டே நடவுங்கள், திடீரென்று முன்னால் போய் நின்றால்தான் கரடி வெருளும். கரடிக்கென்று ஒரு ஸ்பிரே விற்கிறார்கள், அதில் இருப்பது மிளகாய்க் காரம். விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள், அங்கேயே வாங்கி இடுப்பில் கொழுவுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று பாராமல் அடித்தால் நமக்குத்தான் கண் எரியும்.

நீங்கள் பயப்பட வேண்டியது குளிருக்கு. அந்த றோட்டின் ஆக உயரமான இடம் சம்மிட் லேக், 1,295 மீற்றர். நுவரெலியாவைவிடத் தாழ்வு என்று நான் சிரித்தேன். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 9 பாகை வடக்கே, அது 58 பாகை என்பதை யோசிக்கவில்லை. விடியக் கூடாரத்தைத் தொட்டால் மேலே உறைபனி, உப்புத் தூவின மாதிரி. போர்வையை அடுக்குவதில் பலன் குறைவு, குளிர் நிலத்திலிருந்துதான் ஏறுகிறது. கீழே விரிக்கத் தடித்த மெத்தை கேளுங்கள்.

ஆனால் ஆகஸ்ட் கடைசியில் போவதுதான் யோகம். நுளம்பு அநேகமாக அடங்கிவிடும், மலைச்சரிவில் அஸ்பென் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கும். ஜூனில் சரியாக இருட்டாத வானம் அப்போது இருட்டும், அதனால் வடதுருவ ஒளியும் தெரியலாம். நான் கண்டது, நெல் தூற்றும்போது காற்றில் இழுபட்டுப் போகும் தூசி மாதிரி, பச்சையாக. லியார்ட் வெந்நீர் ஊற்றைத் தவறவிட வேண்டாம். கன்னியாவில் வாளியால் அள்ளி ஊற்றுவோம், அங்கே காட்டுக்கு நடுவே கழுத்தளவு இறங்கி இருக்கலாம். மூட்டு வலிக்காரனான எனக்கு ஏறி வர மனம் வரவில்லை.

புறப்பட முதல் காட்டுத்தீச் செய்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். 2024 மே மாதத்தில் அந்த றோட்டில் இருக்கும் ஃபோர்ட் நெல்சன் ஊரையே காலி பண்ணினார்கள்.

கேள்வி: எனக்கு ஹயஸ் வான் ஓடிப் பழக்கம். அங்கே போனால் நானும் மாறி மாறி ஓடலாமா?
- வாசகர், மல்லாவி

பதில்: சட்டப்படி என்ன தேவை என்று அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். என் அனுபவம் இது: மகள் வீட்டு முன்னால் சும்மா ஓடிப் பார்த்தேன். திரும்பும்போதெல்லாம் சிக்னலுக்குப் பதிலாக வைப்பரைப் போட்டேன். இங்கே வலக்கையில் இருப்பது அங்கே இடக்கையில். முப்பது வருட லொறிக்காரன், வெயிலில் கண்ணாடி துடைத்துக்கொண்டு போகிறேன்.

பக்கத்து சீற்றில் இருந்து றோட்டைப் பாருங்கள், அதுவே பெரிய உதவி. லியார்ட் ஆற்றுப் பக்கம் காட்டெருமைகள் றோட்டிலேயே நிற்கும். ஒட்டுசுட்டான் றோட்டில் இரவில் படுத்திருக்கும் மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எழும்பி நின்றால் கிட்டத்தட்ட உங்கள் ஹயஸ் வான் உயரம். இருட்டினால் வாகனத்தை நிறுத்திவிட வேண்டும்.

பெற்றோல் பாதி இறங்கியதும் நிரப்புங்கள். ஃபோர்ட் நெல்சனிலிருந்து வாட்சன் லேக் ஊர் வரை 500 கிலோமீற்றருக்கு மேல், கிட்டத்தட்ட யாழ்ப்பாணம் மாத்தறைத் தூரம். இடையில் அங்கொன்று இங்கொன்றாகத்தான் பெற்றோல் நிலையம், நெடுந்தூரத்துக்கு போன் சிக்னலும் இல்லை. நான் போனது, இங்கே பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் வாங்கிய காலம். மருமகன் ஒவ்வொரு இடத்திலும் முழு டாங்க் அடிக்கும்போது எனக்கு இங்கத்தைய வரிசைதான் கண்ணுக்குள் நின்றது.

கேள்வி: வாட்சன் லேக்கில் ஊர்ப் பலகை அடிக்கலாமாமே, உண்மையா?
- வாசகர், முள்ளியவளை

பதில்: உண்மை. 1942இல் அந்த வீதியைப் போட வந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவர், வீட்டு நினைவில் தன் ஊர்ப் பெயரை எழுதி நட்டார். பிறகு வந்தவர்கள் எல்லாரும் அடித்து அடித்து இப்போது பலகைகளே ஒரு காடு. நானும் ‘ஒட்டுசுட்டான்’ என்று தமிழில் எழுதிக் கொண்டுபோனேன். மரப்பலகை என்றால் விமான நிலையத்தில் கரைச்சல் வரலாம், அதனால் எண்ணெய்த் தகரத்தை வெட்டித் தட்டி, லொறிக்கு நம்பர் எழுதுகிற பெயின்டால் எழுதினேன். பிழை விட்டது ஒன்றில். ஓட்டை போடாமல் கொண்டுபோய்விட்டேன். சுத்தியலும் ஆணியும் பக்கத்தில் நின்ற ஒரு ஜெர்மன் தம்பதியிடம் கடன். நீங்கள் நாலு மூலையிலும் ஓட்டை போட்டே கொண்டுபோங்கள்.