எஸ்பெராண்டோவுக்கு இங்கிலீஷ் வழியாகத்தான் போகணுமா? – கேள்வி பதில்

எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட மொழியான எஸ்பெராண்டோவைப் படிக்க ஆரம்பித்தவர்கள் கேட்ட கேள்விகளைத் தொகுத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேரின் சிக்கல் ஒன்றுதான்: ஆங்கில அகராதியைத் திறந்து, முதலில் கிடைக்கிற சொல்லை எடுத்து வாக்கியத்தில் ஒட்டிவிடுகிறார்கள். சொற்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, ‘டைம்’ என்று தேடினால் டெம்ப்போ, ஃபோயோ, ஹோரோ என்று வரிசையாக வருகிறது. எதை எடுப்பது?

ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் யோசித்துப் பாருங்கள், குழப்பமே இருக்காது. “எனக்கு நேரம் இல்லை” என்பதில் வரும் நேரம், டெம்ப்போ. “மூன்று தடவை சொன்னேன்” என்பதில் வரும் தடவை, ஃபோயோ. “மணி என்ன?” என்று கேட்க ஹோரோ: “கியோமா ஹோரோ எஸ்டாஸ்?” இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் பெருக்கலுக்கும் ‘டைம்ஸ்’தான். எஸ்பெராண்டோவில் அதற்கு -ஓப்ல்- என்ற விகுதி இருக்கிறது, நம்முடைய ‘மடங்கு’. “க்வினோப்லே செப் எஸ்டாஸ் ட்ரிடெக் க்வின்”, அதாவது ஐயேழு முப்பத்தைந்து. எஸ்பெராண்டோவை உருவாக்கிய ஸமென்ஹோஃபின் பயிற்சிப் பாடத்திலேயே இருக்கும் வாக்கியம் இது.

நேரம், தடவை, மணி, மடங்கு. நான்கையும் நாம் சின்ன வயதிலிருந்தே தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறோம். ஆங்கிலம் ஒரே மூட்டையில் கட்டியதை, தமிழில் பிரித்து வைத்திருக்கும் நாம் ஏன் மறுபடி கட்ட வேண்டும்?

“கண்ணாடி உடைந்தது” என்று எழுத ‘லா விட்ரோ ரோம்பிஸ்’ என்றேன். ஆசிரியர் தப்பு என்கிறார். அகராதியில் ‘ப்ரேக்’ என்றால் ரோம்பி என்றுதானே இருக்கிறது?

ஆசிரியர் சொல்வது சரி. ரோம்பி என்றால் ‘உடை, உடைத்தான்’. நீங்கள் எழுதியதற்கு “கண்ணாடி எதையோ உடைத்தது” என்று பொருள். தானாக உடைந்ததற்கு -இஜ்- சேர்க்க வேண்டும்: “லா விட்ரோ ரோம்பிஜிஸ்.”

ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே வினையை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. தமிழில் உடைந்தது–உடைத்தது, சேர்ந்தது–சேர்த்தது என்று தன்வினை, பிறவினை பார்த்துப் பழகிய நமக்கு இது கையில் இருக்கும் வித்தை. அதனால் வினைச்சொல்லை மனப்பாடம் செய்யும்போதே இரண்டில் எது அடிப்படை என்று சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் எஸ்பெராண்டோ எல்லா வினைக்கும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்காது. ரோம்பி பிறவினையில் தொடங்குகிறது, தன்வினைக்கு -இஜ்-. ஆனால் போலி (‘பஸ்’ஸில் வரும் ப) தன்வினையில் தொடங்குகிறது: “லா அக்வோ போலாஸ்”, தண்ணீர் கொதிக்கிறது. கொதிக்க வைப்பதற்கு -இக்- சேர்த்து “மி போலிகாஸ் அக்வோன்.” அக்வோவின் கடைசியில் வந்த ‘ன்’ நம்முடைய இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ செய்கிற வேலையைச் செய்கிறது.

பிறந்தநாளும் இப்படித்தான். நஸ்கி என்றால் ‘பெற்றெடு’. பிறப்பது நஸ்கிஜி. அதனால் பிறந்தநாள் நஸ்கிஜ்டாகோ. ‘இஜ்’ஜை விட்டால் அம்மா பிரசவித்த நாளாகிவிடும். கொண்டாட வேண்டியவர் அவர்தான் என்பது என் கட்சி, ஆனாலும் வழக்கு அதுவல்ல.

எல்லாவற்றுக்கும் தமிழே வழிகாட்டும் என்கிறீர்களா?

இல்லை. “அவரைத் தெரியும்”, “பதில் தெரியும்” இரண்டையும் தமிழ் ஒன்றாகவே சொல்கிறது, ஆங்கிலமும் அப்படியே. எஸ்பெராண்டோவில் ஆள், ஊர் பழக்கம் என்றால் கோனி. விஷயம் தெரிந்திருப்பது ஸ்ட்ஸீ. இங்கே இரண்டு மொழியும் கைவிடும். வாக்கியத்தோடு படிப்பதைத் தவிர வழியில்லை. நாம், நாங்கள் என்ற வேறுபாட்டையும் மறந்துவிடுங்கள். ‘நி’ ஒன்றுதான்.

ஹாஸ்பிடலுக்கு ‘மல்சனுலேயோ’ என்று இவ்வளவு நீளமாக எதற்கு? ஹொஸ்பிட்டாலோ என்றால் ஆகாதா?

ஆகும், அதுவும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் நீளமானதைப் பிரித்துப் பாருங்கள். மல் – எதிர். சன் – உடல்நலம். உல் – அப்படிப்பட்டவர். ஏய் – இடம். ஓ – பெயர்ச்சொல் விகுதி. நலமில்லாதவர்கள் இருக்கும் இடம். 1887இல் வார்சாவில் ஸமென்ஹோஃப் வெளியிட்ட முதல் பாடநூலில் இருந்தவை ஏறக்குறைய 900 வேர்ச்சொற்கள்தான். மீதியை இப்படிக் கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் திட்டமே.

மல் என்பதை ஆங்கிலப் பழக்கத்தில் ‘கெட்ட’ என்று படிப்பவர்கள் உண்டு. அது எதிர்ப்பதம் மட்டுமே. யூனா இளைய, மல்யூனா முதிய. பாட்டியைத் திட்டுவதாக ஆகாது. இந்த ‘மல்’ அலுத்துப்போன கவிஞர்கள் மல்யூனாவுக்கு ஓல்டா, மல்லோங்காவுக்கு (குட்டையான) குர்ட்டா என்று புதுச் சொற்களைக் கொண்டுவந்தார்கள். கவிதையில் இருக்கட்டும். பேசும்போது எதிரில் இருப்பவர் விழித்தால் அவர்மேல் தப்பில்லை.

விகுதியைக் கண்டபடி ஒட்டவும் கூடாது. ப்ரேஜி என்றால் பிரார்த்தி, அதனால் ப்ரெஜேயோ என்றால் கோயில் என்று கணக்குப் போடுவீர்கள். வழக்கில் அது கிறிஸ்தவ தேவாலயம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு டெம்ப்ளோதான்.

ஆங்கிலம் போலவே இருக்கும் சொற்களை நம்பலாமா?

சந்தேகத்தோடு. அக்டுவாலா ‘உண்மையான’ அல்ல, ‘தற்போதைய’. கொன்ட்ரோலி ‘கட்டுப்படுத்து’ அல்ல, ‘சரிபார்’. லிப்ரேயோ நூலகம் அல்ல, புத்தகக் கடை, நூலகம் பிப்லியோடெகோ. எனக்குப் பிடித்தது ஃபோரெஸ்டோ. பார்த்தால் காடு போல இருக்கும். அது ஃபோர்–எஸ்ட்–ஓ: விலகி–இருத்தல், அதாவது வராமை. காடு அர்பாரோ, மரங்களின் கூட்டம். விடுப்புக் கடிதத்தில் ஃபோரெஸ்டோ வரும், கானகப் பயணக் கட்டுரையில் வராது.

கம்ப்யூட்டர், ஈமெயில் மாதிரி புதுச் சொற்களை யார் முடிவு செய்கிறார்கள்?

எஸ்பெராண்டோ மொழியைக் கவனித்துக்கொள்ளும் அகாடமி இருக்கிறது. ஆனால் அது மெதுவாக நடக்கும்; முடிவு செய்வது பேசுபவர்கள்தான். கணினிக்குப் பல சொற்கள் போட்டியிட்டு, கணக்கிடும் கருவி என்று பொருள்படும் கொம்ப்புடீலோ நிலைத்தது. மென்பொருள் ப்ரொக்ராமாரோ, நிரல்களின் தொகுதி. மின்னஞ்சல் ரெட்போஷ்டோ, வலை-அஞ்சல். செல்ஃபோன் போஷ்டெலெஃபோனோ: போஷோ என்றால் சட்டைப்பை. தபாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நாம் ‘கணினி’ என்று கட்டிக்கொண்ட அதே போக்குதான்.

இளைஞர்கள் உண்டாக்கியதும் உண்டு. ‘செம’ என்று சொல்ல மொயோசா. நவீன இளைஞர் பாணி என்று பொருள்படும் மூன்று சொற்களின் முதலெழுத்துகள் மோ, யோ, ஸோ. அதையே சேர்த்து ஒரு சொல்லாக்கிவிட்டார்கள்.

கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்தால் போதாதா?

2012இலிருந்து அதில் எஸ்பெராண்டோ இருக்கிறது, பத்தியின் சாரம் பிடிக்க உதவும். ஒற்றைச் சொல்லைப் போடாதீர்கள். ‘ஃப்ரீ’ என்று மட்டும் கேட்டால், உங்களுக்கு வேண்டியது சுதந்திரமா (லிபேரா), இலவசமா (சென்பாகா) என்று அதற்கு எப்படித் தெரியும்? முழு வாக்கியமாகக் கொடுங்கள். வந்த சொல்லை, எஸ்பெராண்டோவிலேயே விளக்கம் தரும் ரெட்டா வொர்டாரோ என்ற இணைய அகராதியில் தேடி, எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்த பிறகு பயன்படுத்துங்கள்.

கடைசியாக ஒன்று: இட்லியை எப்படிச் சொல்ல?

இட்லியோ. முதல் தடவை மட்டும் பக்கத்தில் ‘வபோரே குயிரிட்டா ரீஸ்குகோ’, ஆவியில் வேகவைத்த அரிசிப் பண்டம் என்று ஒரு விளக்கம் கொடுங்கள். அடுத்த வரியிலிருந்து இட்லியோ மட்டும். பன்மைக்கு ‘ய்’ சேர்க்க வேண்டும்: இட்லியோய். சாப்பிட்டால் அதோடு ‘ன்’னும் சேரும்: “மி மாஞ்ஜிஸ் க்வார் இட்லியோய்ன்.” நாலு இட்லி சாப்பிட்டேன்.