வாசகர் கேள்வி: வன்னி வீட்டுக்கு எந்தச் செற்றி?

கேள்வி: எங்களுடையது விசுவமடுவில் இந்திய வீட்டுத்திட்ட வீடு. செற்றி (சோபா) வாங்கச் சொல்லி கனடாவில் இருக்கும் தம்பி காசு அனுப்பியிருக்கிறார். பிள்ளைகள் கிளிநொச்சிக் கடையில் பார்த்த றெக்சின் போட்ட ‘எல்’ வடிவச் செற்றிதான் வேண்டும் என்கிறார்கள். மாமிக்கு முழங்கால் வருத்தம். எதை வாங்கலாம்?
— வாசகி, விசுவமடு

பதில்: தங்கச்சி, மாமியை நினைத்து வாங்குங்கள். பிள்ளைகள் நிலத்திலும் இருந்து படம் பார்ப்பார்கள். மாமிக்கு இருந்து எழும்புவதுதான் பெரும்பாடு. அவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்திப் பாருங்கள். மெத்தை அமுங்கிய பிறகும் உயரம் 17, 18 அங்குலம் இருக்க வேண்டும். இருக்கையின் உள்ளாழம் 20, 21 அங்குலம் போதும், அதற்கு மேல் போனால் முதுகு சாயாது. கைபிடி மரமாக இருக்கட்டும், ஊன்றி எழும்ப அதுதான் உதவும்.

வீட்டுத்திட்ட வீடு மொத்தமே 550 சதுர அடி. எட்டடி நீளத்தில் ‘எல்’ செற்றி போட்டால் ஹோலில் நடக்க இடம் இராது, விருந்தினர் வந்தால் கதிரை போடவும் முடியாது. மூன்று பேர் இருக்கக்கூடியது ஒன்று, தனி இருக்கை இரண்டு, அது போதும். வாசல் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள்.

றெக்சின் வேண்டவே வேண்டாம். எங்கள் வெயிலுக்கு உடம்போடு ஒட்டும், சில வருடத்தில் வெடித்து உரியும். நான் கிளிநொச்சியில் மரவேலையும் மெத்தை வேலையும் செய்கிறவன், உரிந்த றெக்சினைக் கழற்றித் துணி போடச் சொல்லித்தான் நிறையப் பேர் வருகிறார்கள். அடிவரை துணி சுற்றிய செற்றியில் இன்னொரு கரைச்சல், உள்ளே என்ன மரம் என்று தெரியாது. எலியும் கூடு கட்டும். 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு கண்டாவளைப் பக்கமிருந்து வந்த அப்படியான செற்றிகளைப் பிரித்தால் உள்ளே சிப்போட், அதாவது மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை, ஊறி மாவாகக் கிடந்தது. காசு சேர்த்து ஆசையாக வாங்கிய சனம், பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. மரச்சட்டச் செற்றி வைத்திருந்தவர்கள் மெத்தையைத் தூக்கி மேலே வைத்தார்கள், சட்டத்தைக் கழுவிக் காயவிட்டு இன்றும் பாவிக்கிறார்கள்.

ஆகவே தேக்கஞ்சட்டம், விலை கட்டாவிட்டால் வைரம் பாய்ந்த வேம்பு. நன்றாகக் காய்ந்த மரமா என்று கேளுங்கள், பச்சை மரம் பங்குனி வெயிலில் முறுகி, பொருத்துகள் கழன்றுவிடும். முன்கால் ஒன்றை ஆறு அங்குலம் தூக்குங்கள். மற்ற முன்காலும் கூடவே எழும்பினால் சட்டம் இறுக்கம். ஆணி மட்டும் அடித்ததா, பொழியும் கழுந்தும் (துளையும் அதற்குள் இறங்கும் முளையும்) வைத்துப் பொருத்தியதா என்று குனிந்து பாருங்கள்.

மெத்தைக்கு நாலு அங்குலப் போம் (foam), கன மீற்றருக்கு 30 கிலோவுக்குக் குறையாத அடர்த்தி. உறை சிப் (zip) வைத்த பருத்தித் துணியாக இருந்தால் கழற்றித் தோய்க்கலாம். செம்மண் புழுதிக்கு மண்ணிறமோ கடும் பச்சையோ எடுங்கள், பிள்ளைகளுக்குப் பிடித்த நிறத்தில் தலையணை உறை தைத்துக் கொடுக்கலாம். அப்புறம், செற்றியைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நாலு விரல் இடம் விடுங்கள். கறையான் ஏறினால் உடனே கண்ணில் படும்.