கடல் படிக்கும் பெண் கணினி முன் உட்காருவதா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விலங்கியல் மூன்றாம் ஆண்டில் இருக்கும் மகள், முதுகலையில் கடல் உயிரியலோடு தரவு மேலாண்மையும் சேர்ந்த படிப்புக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். "மீனையும் பவளத்தையும் படித்துவிட்டு வாழ்நாள் முழுக்க எக்செல் தாளில் பெயர் திருத்திக்கொண்டிருப்பதா? இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளக் கேள்வி நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன். பெயர் திருத்துவதை நீங்கள் சற்று இளக்காரமாக எழுதிவிட்டீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கடலோரப் பாறைகளில் ஒட்டி வாழும் ஒரு சின்ன நத்தை இருக்கிறது. அறிவியல் பெயர் லிட்டோரினா சாக்சடிலிஸ். இதன் ஓடு இடத்துக்கு இடம் நிறமும் வடிவமும் மாறும். பார்த்த ஒவ்வொருவரும் புதிய இனம் என்று நினைத்து ஒரு பெயர் சூட்டினார்கள். கணக்கெடுத்தபோது அந்த ஒரே நத்தைக்கு 113 பெயர்கள் இருந்தன. உலகக் கடல்வாழ் இனங்களின் பதிவேட்டை நடத்துபவர்கள் 2015இல் வெளியிட்ட கணக்குப்படி, அதுவரை ஏட்டில் இருந்த சுமார் 4 லட்சத்து 19 ஆயிரம் கடல் இனப் பெயர்களில் ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பெயர்கள் இப்படி இரட்டிப்பானவை. கடலில் எத்தனை இனங்கள் இருக்கின்றன என்ற கேள்விக்கான விடையே ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. அதைச் செய்தவர்கள் உலகெங்கும் பரவியிருக்கும் வகைப்பாட்டியல் அறிஞர்களும் (உயிர்களை இனம் பிரித்துப் பெயரிடுபவர்கள்), அவர்களோடு கணினி முன் உட்கார்ந்து பெயர் திருத்தியவர்களும்தான்.

இன்று அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் உண்டு. பெயர் பழையதாகிவிட்டால், இப்போது ஏற்கப்பட்ட பெயர் எது என்பதையும் அந்த எண் காட்டிக்கொடுக்கும். ஒரு நாட்டு ஆய்வாளர் பழைய பெயரில் எழுதியதும் இன்னொரு நாட்டு ஆய்வாளர் புதிய பெயரில் எழுதியதும் ஒரே உயிரைப் பற்றியது என்று தெரிவது இதனால்தான். ஓர் ஆமை ஒரு நாட்டுக் கரையில் முட்டையிட்டு, இன்னொரு நாட்டுக் கடலில் மேய்ந்து, மூன்றாவது நாட்டு வலையில் சிக்குகிறது. மூன்று நாட்டு ஏடுகளும் பொருந்தினால்தான் அந்த ஆமையின் கதை முழுதாகும்.

உங்கள் மகள் செய்யப்போகும் வேலையைக் கிட்டத்தில் காட்டுகிறேன். ஒரு கப்பல் வலை போட்டு எடுத்த மீன்களின் பட்டியல் அவளிடம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் தேதி 03/04/11. அது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ? எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்பதைப் பொறுத்தது. அட்சரேகை 9.30 என்று இருக்கிறது. எழுதியவர் 9 பாகை 30 கலை என்ற பொருளில் எழுதியிருந்தால், ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் அதன் தசம மதிப்பு 9.5. கவனிக்காமல் விட்டால் மீன் பிடிபட்ட இடம் சுமார் 22 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். அட்சமும் தீர்க்கமும் இடம் மாறினால் மீன் பாலைவனத்தில் நீந்தும். இரண்டு கட்டங்களும் காலியாக இருந்து, ஏதோ ஒரு மென்பொருள் அவற்றில் பூஜ்யத்தை நிரப்பிவிட்டால், அத்தனை மீன்களும் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் போய்க் குவியும். இல்லாத அந்த இடத்துக்குத் தரவுக்காரர்கள் 'பூஜ்யத் தீவு' என்று பெயர் வைத்துச் சிரிப்பார்கள்.

கடைசிக் கட்டம்தான் எனக்குப் பிடித்தது. எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்றுமே எழுதாமல் விட்டிருக்கிறார்கள். தேடினோம், கிடைக்கவில்லை என்று பொருளா? தேடவே இல்லை என்று பொருளா? இருபது ஆண்டு கழித்து ஒருவர் 'இந்த மீன் இந்தப் பகுதியில் மறைந்துவிட்டது' என்று சொல்ல வந்தால், அவருடைய வாதம் முழுவதும் அந்தக் காலிக் கட்டத்தைத்தான் நம்பி நிற்கும். டார்வின் கோர் என்ற பன்னாட்டுத் தர முறையில் 'இருந்தது', 'இல்லை' என்பதைத் தனியே குறிக்க ஒரு புலமே, அதாவது ஒரு தனிக் கட்டமே, வைத்திருக்கிறார்கள். எழுதியவருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அவர் பதில் போடாவிட்டால் மறுபடி அனுப்பி, உண்மையைக் கேட்டு வாங்கி அந்தப் புலத்தை நிரப்புவது உங்கள் மகளின் வேலை. நிரல் எழுதுவதைவிட இந்த மின்னஞ்சல் எழுதுவது கடினம் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இனி, சம்பளம். 2000 முதல் 2010 வரை கடல்வாழ் உயிரினக் கணக்கெடுப்பு என்ற பெரிய திட்டம் நடந்தது. 80க்கும் மேற்பட்ட நாடுகள், சுமார் 2,700 அறிவியலாளர்கள். அதன் தரவுக் களஞ்சியமாகப் பிறந்ததுதான் ஓபிஸ் என்று அழைக்கப்படும் கடல் பல்லுயிர்த் தகவல் அமைப்பு. திட்டம் முடிந்தால் பணமும் முடியும், தரவு அநாதையாகும். அந்த ஆபத்து தெரிந்துதான் 2009இல் யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையேயான கடலியல் ஆணையம் ஓபிஸைத் தன் கடலியல் தரவுத் திட்டத்துக்குள் எடுத்துக்கொண்டது. அந்தத் தரவுத் திட்டம் 1961 முதல் நடந்துவருவது. ஓபிஸின் செயலகம் பெல்ஜியத்தில் ஆஸ்டெண்ட் நகரில் இருக்கிறது. தரவைத் திரட்டி அனுப்பும் 30க்கும் மேற்பட்ட முனையங்கள் வழியாக வந்து சேர்ந்த பதிவுகள் 10 கோடியைத் தாண்டிவிட்டன.

இதைப் படித்துவிட்டு மகளை ஆஸ்டெண்டுக்கு அனுப்பக் கனவு காணாதீர்கள். செயலகத்தில் இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். உண்மையான வேலை முனையங்களில் இருக்கிறது: தேசியக் கடலியல் தரவு மையங்கள், மீன்வள ஆய்வு நிலையங்கள், இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்கள், பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்கள். கடலில் காற்றாலையோ துறைமுகமோ கட்டுவதற்கு முன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்களுக்கும் இந்தத் திறமை வேண்டும். ஆனால் முதல் சில ஆண்டுகள் திட்ட ஒப்பந்தத்தில்தான் ஓடும். ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை வயிற்றில் புளியைக் கரைக்கும். அதே நிரல் அறிவுக்கு ஒரு மென்பொருள் நிறுவனம் கூடுதலாகக் கொடுக்கும். இதையெல்லாம் மறைத்து உங்களை உற்சாகப்படுத்துவதில் எனக்கு விருப்பம் இல்லை. வேறு பக்கம் பார்த்தால், இங்கே கற்ற தரவுத் திறமை மருத்துவத்திலும் வேளாண்மையிலும் செல்லும். கதவு ஒன்று மூடினால் நடுத்தெருவில் நிற்கும் படிப்பு இது இல்லை.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவர் ஆழ்கடல் முக்குளிப்புக் கனவோடு ஓர் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். முதல் எட்டு மாதம் பழைய கப்பல் குறிப்பேடுகளைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். கையெழுத்தில் 1 எது, 7 எது என்று கண்டுபிடிப்பதே வேலை. கடலைப் பார்க்கவே இல்லை என்று தொலைபேசியில் புலம்பினார். நான் அவரிடம் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்தக் குற்ற உணர்வும் இந்தக் கடிதம் நீளக் காரணம்.

அடுத்த சில ஆண்டுகளில் ஆள் தேவை எங்கே கூடும் என்று கேட்டால், என் கண் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, சூழல் டிஎன்ஏ. ஒரு புட்டி கடல்நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளை வைத்து அங்கே வாழும் இனங்களை அறிகிறார்கள். வலையே போடாமல் ஆயிரக்கணக்கான வரிகளில் தரவு வந்து கொட்டுகிறது. ஒழுங்குபடுத்தத் தெரிந்தவர்கள் குறைவு.

மற்றொன்று சட்டத்தோடு சேர்ந்தது. எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத கடல், உலகக் கடல் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அங்கே வாழும் உயிரினங்களுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2023 ஜூன் 19 அன்று ஏற்கப்பட்டு, 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தக் கடலிலிருந்து மரபணு வளம் எடுக்கப் போகிறவர்கள் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்புகளும் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கைகளும் ஒரு பொதுத் தகவல் மையத்தில் சேர வேண்டும். எடுத்த மாதிரிகளைப் பின்தொடர அடையாளக் குறியீடு உண்டு. உடன்படிக்கையில் ஒரே வரியில் எழுதிவிடலாம். அதை ஓடும் தரவுத்தளமாக ஆக்க ஆள் வேண்டுமே!

இந்தப் பகிர்வில் சங்கடமும் உண்டு, மகளுக்கு அதுவும் தெரியட்டும். அரிய இனம் எங்கே இனப்பெருக்கம் செய்கிறது என்ற துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் வைத்தால் வேட்டைக்காரனும் பார்ப்பான். தரவைக் கொடுக்கும் நாட்டிடம் கப்பலும் ஆய்வகமும் இல்லாமல், எடுத்துப் பயன்படுத்தும் நாட்டிடம் இரண்டும் இருந்தால், கொடுத்தவருக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி வரும். மரபணு வளத்தின் பயனை நியாயமாகப் பகிர 2010இல் நகோயா நெறிமுறை வந்ததே இந்தப் பூசலால்தான். ஆகவே எதை முழுதாகத் திறப்பது, எதை இடம் மழுக்கிக் கொடுப்பது, எந்த உரிமத்தில் வெளியிடுவது என்று முடிவு செய்யும் இடத்தில் ஒருநாள் உங்கள் மகள் உட்கார வேண்டியிருக்கும். தொழில்நுட்பம் மட்டும் தெரிந்தவருக்கு அங்கே வாய் அடைத்துப்போகும்.

என்ன படிக்க வேண்டும் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். வகைப்பாட்டியலைக் கைவிடக் கூடாது. ஏதாவது ஓர் உயிரினக் குழுவையாவது கண்ணால் பார்த்து அடையாளம் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு மேல் ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல் மொழி, தரவுத்தளத்தில் தேட உதவும் எஸ்க்யூஎல் கொஞ்சம், வரைபட மென்பொருள் ஒன்று, தெளிவாகக் கடிதம் எழுதும் பழக்கம். டார்வின் கோர் கற்றுத்தருகிறோம் என்று பெரிய கட்டணம் கேட்கும் சான்றிதழ்களுக்குப் பணம் கட்டாதீர்கள். யுனெஸ்கோ கடலியல் ஆணையத்தின் ஓஷன்டீச்சர் கல்வித் தளத்தில் இந்தப் பாடங்கள் இருக்கின்றன.

படிப்பில் சேர்க்கும் முன் அந்தத் துறைத் தலைவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "சென்ற ஆண்டு மாணவர்கள் தொகுத்த தரவுத் தொகுப்பு ஏதாவது ஓபிஸிலோ, எல்லா உயிர்களுக்குமான உலகப் பல்லுயிர்த் தரவுத் தளமான ஜிபிஃபிலோ வெளியாகியிருக்கிறதா?" ஆம் என்று இணைப்பைக் காட்டினால் நம்பலாம். சுவரில் மாட்டிய கப்பல் படத்தைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கும் முன் ஒரு சோதனை இருக்கிறது. ஓபிஸில் யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் தரவை இறக்கிக்கொள்ளலாம். மகளுக்குப் பிடித்த ஓர் இனத்தின் பதிவுகளை எடுத்து, உலக வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். எந்தப் புள்ளி தவறு, ஏன் தவறு என்று அவளே தேடட்டும். பிறகு ஓபிஸ் தானாகவே இடும் தரக் குறிகளோடு ஒப்பிடட்டும். நிலத்தில் விழுந்த பதிவு, கடலின் ஆழத்தைவிட அதிக ஆழம் எழுதிய பதிவு என்று அவை தனித்தனியே காட்டும். குறி இடப்படாத ஒரு தவறையாவது அவள் பிடித்துவிட்டு இரவுச் சாப்பாட்டை மறந்து உங்களிடம் காட்ட ஓடிவந்தால், தடுக்காதீர்கள். இரண்டாம் நாளே அலுத்து மூடிவிட்டால் அதிலும் நஷ்டம் இல்லை. களப்பணி, மீன்வளம், ஆசிரியப் பணி என்று கடல் உயிரியலில் வேறு வழிகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றிப் பேசலாம்.

மூன்று மாலை நேரம் போதும். நிலத்தில் எத்தனை புள்ளிகள் விழுந்தன என்று அவள் எண்ணி முடித்ததும், அந்த வரைபடத்தோடு இருவரும் வாருங்கள்.