வாசகர் கேள்வி பதில்: கரிசக்காட்டு வானம்பாடி

கேள்வி: ஆடு மேயுற பொட்டக்காட்டுப் பக்கம் காலைல வாக்கிங் போறப்ப ஒரு சின்னக் குருவி விசிலடிச்சுக்கிட்டே வானத்துலருந்து குத்தி இறங்குது, தரையில உக்காந்ததும் ஆளைக் காணோம். என்ன பறவைங்க அது? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: அந்த டைவை வச்சே சொல்லிடலாம், சாம்பல்தலை வானம்பாடி. ஆண்தான் இதைப் பண்ணும், படபடன்னு சிறகடிச்சு உசரத்துக்குப் போயி றெக்கையை மடக்கிக்கிட்டு நீளமா ஒரு விசிலோட செங்குத்தா விழும், அய்யோ தரையில மோதிடுமோன்னு நமக்குப் பதறுற நேரத்துல சட்டுனு மேல ஏறும், மறுபடி விழும், இப்படியே திரும்பத் திரும்பப் பண்ணிட்டு ஏதாவது மண்ணாங்கட்டி மேல வந்து உக்காரும். வீட்டுச் சிட்டுக்குருவியை விடச் சின்னது, 12, 13 சென்டிமீட்டர்தான் இருக்கும். இமயமலை அடிவாரத்துலருந்து இலங்கை வரைக்கும் காய்ஞ்ச சமவெளில எல்லாம் இருக்கு.

ஏன் காணாமப் போகுதுன்னா, பொண்ணு மொத்தமும் மண் கலர். ஆணுக்கு வயிறும் தொண்டையும் நல்ல கருப்பு, பறக்கறப்ப பளிச்னு தெரியும், ஆனா தரையோட தரையா பம்முனா கருப்பெல்லாம் அடியில போயிடும், நமக்குத் தெரியறது சாம்பல் முதுகு மட்டும்தான். நீங்க கிட்டப் போனாலும் உடனே பறக்காது, பம்மியே இருக்கும், காலுக்குப் பக்கத்துல வந்தப்புறம்தான் விருட்டுனு கிளம்பும். பார்க்கணும்னா நடக்காம ஒரு இடத்துல நின்னு, தரையில ஏதாவது குடுகுடுன்னு ஓடுதான்னு கவனிங்க. வெயில் சாய்வா விழுற காலை நேரத்துல அதோட நிழல்தான் முதல்ல கண்ணுல படும்.

இன்னொண்ணு, முள்ளுச்செடி உச்சியிலயோ கரண்ட் கம்பியிலயோ உக்காந்து பாடிட்டு, கொஞ்சம் மேல பறந்து காலைத் தொங்கவிட்டுக்கிட்டு பாராசூட் மாதிரி இறங்குச்சுன்னா அது ஜெர்டன் புதர் வானம்பாடி, உடம்புல கோடு கோடா இருக்கும், றெக்கையில செம்பழுப்பு தெரியும். 19-ஆம் நூற்றாண்டுல மெட்ராஸ் மாகாணத்துல டாக்டரா இருந்துக்கிட்டே பறவைகளைப் பத்தி எழுதுன தாமஸ் ஜெர்டன் பேருதான் அது. ரெண்டும் ஒரே காட்டுல இருக்கும்.

கேள்வி: எங்க புஞ்சையில மாட்டுக் குளம்புத் தடத்துக்குள்ள ரெண்டு முட்டை, சுத்தி சின்னச் சின்னக் கல்லு. எடுத்துப் பத்திரமான இடத்துல வைக்கலாமா? (வாசகர், விளாத்திகுளம்)

பதில்: தொடவே தொடாதீங்க. மேல சொன்ன சாம்பல்தலை வானம்பாடியோட கூடாத்தான் இருக்கும், ரெண்டோ மூணோதான் முட்டையிடும், ஆணும் பொண்ணும் மாறி மாறி அடைகாக்கும். இடம் மாத்துனா அப்புறம் அதுங்க தேடி வராது. முள்ளு வச்சு மூடுறதும் வேண்டாம், காக்காவுக்கும் கீரிக்கும் நாமளே அடையாளம் காட்டுன மாதிரி ஆயிடும். தள்ளி ஒரு குச்சி நட்டு, கொஞ்ச நாளைக்கு ஆட்டையும் டிராக்டரையும் அந்தப் பக்கம் விடாம இருந்தாப் போதும்.

கேள்வி: ஊர் இளைஞர் மன்றம் சார்பா தரிசு நிலத்துல மரக்கன்னு நடப்போறோம், இந்தப் பறவைகளுக்கும் நல்லதுதானே? (வாசகர், எட்டயபுரம்)

பதில்: உங்க மனசு நல்ல மனசு, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்த இடத்துல நடாதீங்கன்னு கையெடுத்துக் கேட்டுக்கறேன். ரெவின்யூ ரெக்கார்டுல தரிசுன்னு எழுதியிருக்கறதால அது சும்மா கிடக்கற நிலம்னு ஆயிடாது. வானம்பாடி, ஆள்காட்டி, கவுதாரி எல்லாம் தரையிலதான் கூடு வைக்குது, திறந்த வெளி இருந்தாத்தான் எதிரி வர்றது தூரத்துலயே தெரியும், மரம் வந்தா அதுல காக்காவும் வல்லூறும் உக்காந்து முட்டையையும் குஞ்சையும் நோட்டம் விடும். அந்த மண்ணு கலரை நம்பித்தான் இதுங்க பொழப்பே இருக்கு, நிழல் விழுந்து இலை கொட்டி தரை மாறுச்சுன்னா ஒளிய இடமே இல்ல. மரம் நடணும்னா கண்மாய்க்கரை, ரோட்டோரம், ஸ்கூல் வளாகம்னு எவ்வளவோ இடம் இருக்கு. பொட்டக்காட்டுக்கு உங்களால முடிஞ்ச உதவி, உள்ள பரவி வர்ற சீமைக்கருவேலங்கன்னைச் சின்னதா இருக்கறப்பவே கையால பிடுங்கறதுதான். பிப்ரவரிலருந்து செப்டம்பர் வரைக்கும் கூடு வைக்கற காலம், அதனால ஜேசிபி விட்டு மண்ணைப் புரட்டுற வேலையே வேண்டாம்.