மலைநாட்டு மீன் தொட்டிக்கு எந்த பில்டர்?

சேர், இரண்டு அடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி வாங்கிவிட்டேன். கடையில் ஸ்பொஞ்ச், பின்னால் தொங்கவிடுவது, தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வாளி மாதிரியான கனிஸ்டர் என்று மூன்று வகை பில்டர் காட்டினார்கள். விலை உயர்ந்ததை வாங்கினால் பிறகு தொல்லை இல்லை என்கிறார் கடைக்காரர். உண்மையா? (ஹட்டன்)

கடைக்காரருக்குத் தொல்லை இருக்காது, அது உண்மை.

பில்டர் என்றால் தண்ணீரைத் தெளிய வைக்கும் மெஷின் என்று பலரும் நினைக்கிறோம். தூசி பிடிப்பது அதன் சில்லறை வேலைதான். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு வகை பக்றீரியா நைத்திரைற்றாக்கும். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும், மூன்றாவது அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்தப் பக்றீரியா ஒட்டிக்கொண்டு வாழ இடம் வேண்டும், அதன்மேல் ஒட்சிசன் உள்ள தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே மோட்டார் எவ்வளவு வேகம் என்று கேட்பதற்கு முன், உள்ளே எவ்வளவு ஸ்பொஞ்ச் இருக்கிறது என்று திறந்து பாருங்கள். தொட்டிக்குள்ளேயே ஒட்டிவைக்கும் சின்ன மோட்டார் பில்டர்கள் பலவற்றில் வேகம் நிறைய, ஸ்பொஞ்ச் தீப்பெட்டி அளவுதான்.

உங்கள் தொட்டி ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் என்றால் கொள்ளளவு 55 லீற்றர் சொச்சம். கப்பி, பிளாட்டி மாதிரி சின்ன மீன் பத்து விடுவதானால் எயார் பம்பில் ஓடும் பெரிய ஸ்பொஞ்ச் பில்டர் ஒன்றே போதும். கோல்ட் பிஷ் ஆசை இருந்தால் கதை வேறு. அது தின்னும் அளவுக்குக் கழிவும் போடும், இரண்டடித் தொட்டியே அதற்குப் பற்றாது. பெரிய தொட்டி வாங்கி, ஸ்பொஞ்சோடு தொங்கும் பில்டர் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல நாலைந்து மடங்கு தண்ணீர் சுற்றுவது பொதுக் கணக்கு, கோல்ட் பிஷ்ஷுக்கு அதைவிடக் கூட. பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அது வெறும் மோட்டாரின் வேகம். ஸ்பொஞ்ச் வைத்து, அதில் அழுக்கும் ஏறிய பிறகு நன்றாகக் குறைந்துவிடும்.

கனிஸ்டர் உங்களுக்கு வேண்டாம். 150 லீற்றருக்கு மேல் போகும்போது யோசிக்கலாம்.

பில்டர் போட்டு மூன்று கிழமை ஆகிறது. தண்ணீர் பால் மாதிரி கலங்கி நிற்கிறது, மீன் ஒவ்வொன்றாகச் சாகிறது. கொழும்பில் தங்கச்சி வீட்டில் இதே பில்டர்தான், அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. (நுவரெலியா)

பில்டரில் குறை இல்லை, குளிர்தான் காரணம். உங்கள் ஊரின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டி. மேலே சொன்ன பக்றீரியா 25 முதல் 30 பாகை வரைதான் உற்சாகமாகப் பெருகும், 18 பாகைக்கு வந்தாலே வேகம் ஏறத்தாழ பாதி. தங்கச்சி வீட்டில் நாலு முதல் ஆறு கிழமையில் பில்டர் பழுத்துவிடும், அதாவது போதிய பக்றீரியா சேர்ந்துவிடும். ஹீட்டர் இல்லாத உங்கள் தொட்டியில் அதைப்போல இரண்டு மடங்கு எடுத்தாலும் ஆச்சரியமில்லை. அதுவரை மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறுகிறது.

இப்போதைக்குத் தீனியை இரண்டு நாளுக்கு ஒரு சிட்டிகையாகக் குறையுங்கள். நாள்தோறும் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். சபைத் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் துளி விட்டுத்தான். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அங்கே ஓடிய அழுக்கு ஸ்பொஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போடுங்கள். கடையில் விற்கும் எந்தப் பக்றீரியாப் போத்தலையும்விட அது மேல்.

ஹீட்டர் போடுவதானால் லீற்றருக்கு ஒரு வாட் என்ற வழக்கமான கணக்கு உங்கள் ஊருக்கு எட்டாது. பத்துப் பாகை ஏற்ற வேண்டியிருப்பதால் இரண்டு வாட்டுக்குக் கிட்ட வைத்துக்கொள்ளுங்கள், மேலே கண்ணாடி மூடியும் போடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அதே அளவு குறையும். குளிர்ந்த தண்ணீர் ஒட்சிசனைக் கூடுதலாகப் பிடிக்கும் என்பதால் ஹீட்டர் இல்லாதவரை கொழும்புக்குச் சமமாகவே இருக்கும். சுடவைத்தீர்களோ, கொழும்புத் தொட்டியைவிடக் குறைந்துவிடும். ஆகவே ஹீட்டர் வைக்கும் வீட்டில் பில்டர் மேல்மட்டத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்க வேண்டும். எயார் பம்ப் கட்டாயம்.

தோட்டத்தில் பீலித் தண்ணிதான் ஊத்துறோம். பளிங்கு மாதிரி இருக்கும். ஆறு மாசம் நல்லா இருந்த மீன் திடீர்னு செத்துப்போச்சு. பில்டர் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. (தலவாக்கலை)

மலை ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மிக மென்மையானது, சுண்ணச் சத்து சொற்பம். பக்றீரியா அமோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகும், அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்வது இந்தச் சத்துதான். அது தீர்ந்ததும் பி.எச். (அமிலத்தை அளக்கும் எண், குறையக் குறைய அமிலம் கூட) சடாரென்று விழும். 6க்குக் கீழே போனால் பக்றீரியாவும் கிட்டத்தட்ட வேலைநிறுத்தம். மோட்டார் சுற்றும், தண்ணீர் தெளிவாகவே தெரியும், உள்ளே ஒன்றும் நடக்காது.

கழுவிக் காயவைத்த மட்டிச் சிப்பி ஓட்டை நொறுக்கி, ஒரு கைப்பிடியை வலைத்துணியில் கட்டி பில்டரில் தண்ணீர் ஓடும் இடத்தில் வையுங்கள். தேவைக்கேற்ப மெதுவாகக் கரையும். முருகைக் கல் தேடிப் போகாதீர்கள், அதைத் தோண்டுவது சட்டப்படி தடை.

மிச்சம் மீன் உயிரோடிருந்தால் பதறிப்போய் தொட்டியை முழுதாக மாற்றிவிடாதீர்கள். அமிலத் தண்ணீரில் அமோனியா அவ்வளவு நச்சில்லாத அமோனியமாக அடங்கியிருக்கும். புதுத் தண்ணீரால் பி.எச். ஒரேயடியாக ஏறினால் அது மறுபடி நஞ்சாகும். நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும். மேலே தேயிலைக்கு மருந்தடித்த நாட்களிலும், பெருமழையில் பீலி கலங்கும்போதும் அந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள். ஒரு பீப்பாயில் முன்கூட்டியே பிடித்து வைத்திருப்பது நல்லது.

மழை காற்று வந்தால் இங்கே கரண்ட் போய்விடும், சில நாள் இரவு முழுக்க வராது. பில்டர் நின்றால் மீன் செத்துவிடுமா? (பண்டாரவளை)

ஒரு மணி, இரண்டு மணி நேரம் பெரிய விஷயமில்லை. குளிர்ந்த ஊரில் மீனுக்கு ஒட்சிசன் தேவையும் குறைவு. ஆபத்து கரண்ட் திரும்பி வரும்போதுதான், அதுவும் கனிஸ்டருக்கு. மூடிய வாளிக்குள் பக்றீரியா ஒட்சிசன் இல்லாமல் அழுகி, மோட்டார் ஓடியதும் அந்த நாற்றத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் வரும். இரவு முழுக்க நின்றிருந்தால் திறந்து தண்ணீரைக் கொட்டி, அலசிவிட்டு ஓடவிடுங்கள். தொங்கும் பில்டர்கள் சில, தண்ணீர் இழுக்காமல் வெறுமனே சுற்றி மோட்டாரைச் சுட்டுக்கொள்ளும். ஒரு கப் தண்ணீர் ஊற்றிக் கிளப்ப வேண்டும்.

பற்றரியில் ஓடும் சின்ன எயார் பம்பை ஸ்பொஞ்ச் பில்டர் குழாயில் மாட்டினால் விடிய விடிய ஓடும். மலைநாட்டில் நான் ஸ்பொஞ்சுக்கே கட்சி கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். எயார் பம்பைத் தொட்டி மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே பின்னால் இறங்கி பம்புக்குள் போய்விடும்.

மாமா, நான் ஒவ்வொரு ஞாயிறும் ஸ்பொஞ்சைக் குழாயில் நல்லா தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்கிறேன். சரிதானே? (பதுளை)

இல்லை தம்பி. குளோரினும் வெயிலும் சேர்ந்து பக்றீரியாவைக் கொன்றுவிடும், ஒவ்வொரு திங்களும் உன் தொட்டி புதுத் தொட்டிதான். தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, அதிலே ஸ்பொஞ்சை நாலு தரம் பிழிந்தால் போதும். மாதம் ஒரு தரம், அல்லது குமிழி வருவது குறையும்போது. பழுப்பு நிறம் போகவே வேண்டாம்.

பில்டரோடு வந்த காபன் பக்கெட்டை மாதாமாதம் மாற்றச் சொல்கிறார்கள். அவசியமா? (கண்டி)

இல்லை. மீனுக்கு மருந்து போட்டு முடிந்த பிறகு மிச்சத்தை உறிஞ்சவும், மரத்துண்டு விடும் மஞ்சள் நிறத்தை எடுக்கவும் காபன் உதவும். சில கிழமையில் நிரம்பிவிடும், பிறகு சும்மா கிடக்கும் கரி. ஒரு பக்கெட்டை உடைக்காமல் அலுமாரியில் வைத்திருங்கள். பில்டரில் அது இருந்த இடத்துக்கு இன்னொரு ஸ்பொஞ்ச் துண்டை வெட்டிப் போடுங்கள்.